மஞ்சள் கறையும் சூரிய மின்கலமும்

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அம்மா சோப்புப் போட்டுத் துவைக்கிறார். சோப்புப் பட்டவுடன் கறை சற்றுச் சிவந்து, அலசியபின் மீண்டும் மஞ்சளாகி, மங்கலாக நிற்கிறது. "வெயிலில் போடு, தானாகப் போய்விடும்" என்கிறார். அவர் சொன்னது போலவே, நல்ல வெயிலில் காய்ந்த சட்டையில் கறை வெளுத்து மறைகிறது. அதே சட்டையை நிழலான அறைக்குள் கொடியில் போட்டிருந்தால் கறை நாட்கணக்கில் அப்படியே இருந்திருக்கும். ஆகவே கறையைப் போக்கியது வெறும் காற்றோ வெப்பமோ அன்று. சூரிய ஒளிதான் அதில் முக்கியப் பங்கு வகித்திருக்கிறது.

மாணவ நண்பர்களே, இந்தச் சிறு நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் நமக்கு இது மீண்டும் தேவைப்படும்.

என் வகுப்பில் ஒரு முறை சூரிய மின்கலத்தைப் பற்றிப் பாடம் நடத்தி முடித்தபோது ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, இதைச் சிலிக்கானில் மட்டுந்தான் செய்ய முடியுமா? பிளாஸ்டிக்கில் செய்ய முடியாதா?" என்று கேட்டார். "செய்திருக்கிறார்களே!" என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "அப்படியானால் எங்கள் வீட்டு மாடியில் ஏன் அது இல்லை?" முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்வி கடினமானது. இரண்டுக்கும் விடை காண வேண்டுமானால், கரிமப் பொருளின் மீது ஒளி விழும்போது அதிலுள்ள மின்னூட்டங்களுக்கு என்ன நேருகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக்கில் மின்னோட்டமா?

கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்களைக் கரிமச் சேர்மங்கள் என்கிறோம். சர்க்கரை, எண்ணெய், நூல், சாயம், பிளாஸ்டிக் எல்லாம் இவ்வகையே. இவற்றுள் பெரும்பாலானவை மின்கடத்தாப் பொருள்கள். மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை போடுவதே அதனால்தான். சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஒவ்வோர் எலக்ட்ரானும் தன் பிணைப்புக்குள் இறுகக் கட்டுண்டு கிடக்கிறது, நகர இடமில்லை.

ஆனால் சில கரிம மூலக்கூறுகளில் கார்பன் அணுக்களுக்கிடையே ஓர் ஒற்றைப் பிணைப்பு, அடுத்து ஓர் இரட்டைப் பிணைப்பு, மீண்டும் ஓர் ஒற்றைப் பிணைப்பு என்று மாறி மாறி அமைந்திருக்கும். இத்தகைய அமைப்பில், இரட்டைப் பிணைப்புகளின் எலக்ட்ரான்களுள் ஒரு பகுதி, குறிப்பிட்ட இரண்டு அணுக்களுக்கு மட்டும் உரியவையாக இல்லாமல், சங்கிலி நெடுகிலும் பரவி நிற்கின்றன. இந்தச் சங்கிலி நீண்டதாக இருந்தால், எலக்ட்ரான் அடுத்த உயர் ஆற்றல் மட்டத்துக்குத் தாவத் தேவைப்படும் ஆற்றல் குறைகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியே அதற்குப் போதுமானதாகிறது. ஒளியின் ஒரு பகுதியை மூலக்கூறு உறிஞ்சிக்கொள்வதால் அதற்கு நிறம் உண்டாகிறது. காரட்டிலுள்ள கரோட்டீன், தக்காளியிலுள்ள லைக்கோபீன், இலையிலுள்ள பச்சையம், மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஆகிய எல்லாவற்றிலும் இந்த மாறி மாறி வரும் பிணைப்பு உண்டு. குர்க்குமின் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

இதே அமைப்புடைய நீண்ட பாலிமர்களும் உண்டு. 1977ஆம் ஆண்டில் ஷிராகாவா, மெக்டயர்மிட், ஹீகர் ஆகிய மூவரும், பாலிஅசிட்டிலீன் என்னும் பாலிமரோடு அயோடின் போன்ற பொருள்களைச் சிறிதளவு சேர்த்தால் அதன் மின்கடத்துதிறன் பல இலட்சம் மடங்கு உயர்வதைக் காட்டினார்கள். பிளாஸ்டிக் என்றால் மின்கடத்தாப் பொருள் என்ற எண்ணம் அன்றோடு மாறியது. இதற்காக 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. இவ்வகைப் பாலிமர்களும் சாயங்களும் இன்று கரிமக் குறைகடத்திகள் எனப்படுகின்றன.

ஓர் எளிய கணக்கு

ஒளி, ஃபோட்டான்கள் என்னும் ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு ஃபோட்டானின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் அறிய, 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். பச்சை ஒளியின் அலைநீளம் 530 நானோமீட்டர் என்று கொண்டால், 1240 ÷ 530 = 2.34 எலக்ட்ரான் வோல்ட்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஒளியாற்றல் விழுகிறது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட். எளிமைக்காக இது முழுவதும் பச்சை ஒளியே என்று கொள்வோம். அப்போது வினாடிக்குச் சுமார் 2.7 × 10¹⁷ ஃபோட்டான்கள் அந்தச் சிறு பரப்பில் வந்து மோதுகின்றன. ஒவ்வொரு ஃபோட்டானும் ஓர் எலக்ட்ரானை வெளிச்சுற்றுக்கு அனுப்பிவைத்தால், எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலும் ஆதலால், நமக்குக் கிடைக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 43 மில்லி ஆம்பியர். உங்கள் நகத்தளவு பரப்பிலிருந்து இவ்வளவு!

ஒரு ஃபோட்டானுக்கு ஓர் எலக்ட்ரான் என்பதே நம் குறிக்கோள். ஆனால் கரிமப் பொருளில் அது அவ்வளவு எளிதில் நிறைவேறுவதில்லை. ஏன்?

பிரிய மறுக்கும் இணை

முதலில் சிலிக்கானைப் பார்ப்போம். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகியோர் சூரிய ஆற்றலில் 6 விழுக்காட்டை மின்னாற்றலாக மாற்றும் சிலிக்கான் மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். சிலிக்கான் படிகத்தில் ஒரு ஃபோட்டான் விழுந்தால் ஓர் எலக்ட்ரான் மேல் மட்டத்துக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் நேர்மின்னூட்டம் உடைய ஒரு துகள் போலவே நடந்துகொள்கிறது. அதைத் துளை என்கிறோம். எலக்ட்ரானும் துளையும் உடனே தனித்தனியாகப் பிரிந்து, சந்தியிலுள்ள மின்புலத்தால் எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் செல்கின்றன. வெளிச்சுற்றில் மின்னோட்டம் பாய்கிறது.

கரிமப் பொருளிலும் எலக்ட்ரான் மேலே தாவுகிறது, துளையும் உண்டாகிறது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. இதன் காரணத்தைக் கூலும் விதியே நமக்குச் சொல்கிறது. எதிரெதிர் மின்னூட்டங்களுக்கு இடையேயுள்ள ஈர்ப்பு, அவை இருக்கும் ஊடகத்தின் ஒப்புமை விடுதிறனைப் பொறுத்தது. விடுதிறன் மிகுந்தால் ஈர்ப்புக் குறையும். சிலிக்கானுக்கு இது ஏறத்தாழ 12. கரிமக் குறைகடத்திகளுக்கு 3 அல்லது 4 மட்டுமே.

எலக்ட்ரானுக்கும் துளைக்கும் இடையேயுள்ள மின்னிலை ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் கணக்கிட ஒரு சுருக்கு வழி உண்டு. 1.44 என்ற எண்ணை, விடுதிறனையும் நானோமீட்டரில் உள்ள தொலைவையும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். கரிமப் பொருளில் இரண்டும் ஒரு நானோமீட்டர் இடைவெளியில் இருப்பதாகக் கொண்டால், 1.44 ÷ (3 × 1) = 0.48 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் அணுக்களின் வெப்ப அசைவு தரும் ஆற்றல் ஏறத்தாழ 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான். கட்டை அவிழ்க்கத் தேவையானது கையில் இருப்பதைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு! சிலிக்கானிலோ இந்தக் கட்டின் வலிமை 0.015 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. வெப்ப அசைவே அதை அவிழ்த்துவிடும்.

இங்ஙனம் கட்டுண்ட எலக்ட்ரான்–துளை இணைக்கு எக்ஸிட்டான் என்று பெயர். இக்கருத்தை 1931ஆம் ஆண்டிலேயே ரஷ்ய இயற்பியலாளர் ஃபிரெங்கெல் வெளியிட்டார். எக்ஸிட்டான் முழுமையாகப் பார்த்தால் மின்னூட்டமற்றது. நேரும் எதிரும் ஒன்றாகச் சேர்ந்தே நகர்ந்தால் மின்னோட்டம் எங்கிருந்து வரும்? ஆகவே இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: கரிமப் பொருளில் ஒளி நேரடியாக மின்னோட்டத்தை உண்டாக்குவதில்லை. ஒளி உண்டாக்குவது ஓர் இணையை. அந்த இணையைப் பிரித்தால்தான் மின்னோட்டம்.

பத்து நானோமீட்டர் பயணம்

இணையைப் பிரிக்க நமக்கு நிறைய நேரமும் இல்லை. எக்ஸிட்டானின் ஆயுள் ஏறத்தாழ ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் பிரியாவிட்டால் எலக்ட்ரான் மீண்டும் துளைக்குள் விழுந்துவிடும். ஃபோட்டான் கொடுத்த ஆற்றல் வெப்பமாகவோ மங்கலான ஒளியாகவோ வீணாகும். அந்த ஆயுளுக்குள் எக்ஸிட்டான் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்கு என இலக்கின்றித் தாவித் தாவி, பெரும்பாலான கரிமப் பொருள்களில் சுமார் 10 நானோமீட்டர் தொலைவே கடக்கிறது. தலைமயிரின் தடிமனில் இது ஏறத்தாழ ஏழாயிரத்தில் ஒரு பங்கு.

இரண்டு வெவ்வேறு கரிமப் பொருள்களை ஒட்டிவைத்து, அவற்றின் எல்லையில் இந்த இணையைப் பிரிக்கலாம் என்று வழி காட்டியவர் சிங் டாங். அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய இவர், 1986ஆம் ஆண்டில் இரண்டு மெல்லிய கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து ஒரு மின்கலம் செய்தார். ஒரு படலம் தாமிர ஃப்தாலோசயனின் என்னும் நீலச் சாயம். அச்சு மையிலும் வண்ணப்பூச்சிலும் பயன்படும் அதே சாயந்தான். மற்றொன்று பெரிலீன் வகைச் சாயம். முதலாவது எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும். அதைக் கொடையாளி என்போம். இரண்டாவது எலக்ட்ரானை விரும்பி ஏற்கும், அது ஏற்பான். எக்ஸிட்டான் இவ்விரண்டின் எல்லையை அடைந்ததும், எலக்ட்ரான் ஏற்பானுக்குத் தாவிவிடுகிறது. துளை கொடையாளியிலேயே நின்றுவிடுகிறது. கூலும் ஈர்ப்பை எதிர்த்து இணையைப் பிரிக்கும் வேலையை, இரு பொருள்களின் ஆற்றல் மட்டங்களுக்கு இடையேயுள்ள படி செய்துவிடுகிறது. டாங் செய்த மின்கலத்தின் பயனுறு திறன் சுமார் 1 விழுக்காடு. இன்று இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் பிற்காலக் கரிம மின்கலங்கள் எல்லாம் இந்த அடித்தளத்தின் மேலேயே எழுந்தன.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. ஒளியைப் போதிய அளவு உறிஞ்சவேண்டுமானால் படலம் 100 நானோமீட்டர் அளவுக்காவது தடிமனாக இருக்கவேண்டும். எக்ஸிட்டானோ 10 நானோமீட்டருக்கு மேல் போகாது. எல்லையிலிருந்து தொலைவில் பிறக்கும் எக்ஸிட்டான்கள் எல்லாம் வழியிலேயே மடிந்துவிடும். படலத்தைத் தடிமனாக்கினால் இணைகள் வீண். மெலிதாக்கினால் ஒளி வீண். என்ன செய்வது?

வயலும் வாய்க்காலும்

நம் உழவர்கள் இதுபோன்ற ஒரு சிக்கலை என்றோ தீர்த்துவிட்டார்கள். ஏரிக் கரையோரமாக மட்டும் பயிரிட்டால் சிறிதளவு நிலத்துக்கே நீர் எட்டும். ஆகவே ஏரியிலிருந்து வாய்க்கால்களை வெட்டி, அவற்றைக் கிளை கிளையாகப் பிரித்து வயல்களின் ஊடே கொண்டுசெல்கிறார்கள். அப்போது எந்தப் பயிரும் நீரிலிருந்து வெகு தொலைவில் இருப்பதில்லை.

1995ஆம் ஆண்டில் ஹீகரின் கலிபோர்னியக் குழுவினரும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஃபிரண்ட் என்பவரின் குழுவினரும் இதையொத்த வழியைக் கையாண்டார்கள். கொடையாளியையும் ஏற்பானையும் தனித்தனிப் படலங்களாக வைக்காமல், இரண்டையும் ஒரே கரைப்பானில் கரைத்து, கலவையாகவே பூசிக் காயவைத்தார்கள். காயும்போது இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கிளைவிட்டு, பின்னிய வலைபோல அமைகின்றன. படலம் 100 நானோமீட்டர் தடிமனாக இருந்தாலும், அதற்குள் எந்த இடத்திலிருந்தும் சில நானோமீட்டர் தொலைவில் ஓர் எல்லை இருக்கும். கலிபோர்னியக் குழுவினர் ஏற்பானாகப் பயன்படுத்தியது ஃபுல்லரீன் வகைப் பொருள். அறுபது கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் அமைந்த ஃபுல்லரீன் மூலக்கூறு 1985ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. பாலிமரிலிருந்து ஃபுல்லரீனுக்கு எலக்ட்ரான் தாவ ஆகும் நேரம் ஒரு வினாடியில் இலட்சம் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. எக்ஸிட்டானின் ஆயுளோடு ஒப்பிட்டால் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே எல்லையை அடைந்த எக்ஸிட்டான் தப்புவதில்லை.

வாய்க்கால் உவமையில் இன்னொரு செய்தியும் உண்டு. கிளை வாய்க்கால்கள் ஏரியோடு தொடர்ச்சியாக இணைந்திருக்கவேண்டும். நடுவில் அறுந்து நிற்கும் குட்டையால் பயனில்லை. அதுபோலவே கொடையாளியின் வலை ஒரு மின்வாய் வரையிலும், ஏற்பானின் வலை மற்ற மின்வாய் வரையிலும் தொடரவேண்டும். இடையில் தனித்துவிட்ட தீவுகளில் சிக்கிய எலக்ட்ரான் வெளியே வர வழியின்றி, ஏதேனும் ஒரு துளையோடு இணைந்து அழிந்துவிடும். கலவையை எந்தக் கரைப்பானில் கரைக்கவேண்டும், எவ்வளவு மெதுவாகக் காயவிடவேண்டும் என்பவைகூட மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது இதனால்தான்.

ஒளி இரட்டித்தால் மின்னோட்டம் இரட்டிக்குமா?

இப்போது நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய தோட்ட விளக்கிலுள்ள சிறு சூரிய மின்கலம் ஒன்று போதும். அது சிலிக்கானால் ஆனதுதான்; எனினும் நாம் காணப்போகும் அடிப்படை விதி இரண்டுக்கும் பொது. இருட்டறையில், குவியாடி இல்லாத ஒரு பல்புக்கு நேராக அரை மீட்டர் தொலைவில் மின்கலத்தை வையுங்கள். மல்டிமீட்டரால் முதலில் மின்னோட்டத்தையும், பிறகு மின்னழுத்தத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு மீட்டர் தொலைவில் வைத்து அளந்து பாருங்கள். தொலைவு இரு மடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்காகும் என்பது நீங்கள் படித்த விதி. மின்னோட்டமும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். ஆனால் மின்னழுத்தம் அந்த அளவுக்குக் குறைந்திராது.

மின்னோட்டம் ஒளியைப் பின்தொடர்வது இயல்பே. ஃபோட்டான்கள் பாதியானால் எலக்ட்ரான்களும் பாதியாகும். மின்னழுத்தம் ஏன் அவ்வாறு குறைவதில்லை? மின்கலம் அடிப்படையில் ஒரு டயோடு. வெளியே சுற்று முடிவுறாதபோது, ஒளியால் உண்டாகும் மின்னூட்டங்கள் உள்ளேயே சேர்கின்றன, மின்னழுத்தம் ஏறுகிறது. மின்னழுத்தம் ஏற ஏற, டயோடின் வழியே எதிர்த்திசையில் ஒரு மின்னோட்டம் கசியத் தொடங்குகிறது. இருட்டிலும் டயோடில் பாயக்கூடியது என்பதால் இதற்கு இருள் மின்னோட்டம் என்று பெயர். நமக்குக் கிடைப்பது, ஒளி மின்னோட்டத்திலிருந்து இருள் மின்னோட்டத்தைக் கழித்து வரும் மீதியே. இரண்டும் சமமாகும் இடத்தில் மின்னழுத்தம் நின்றுவிடுகிறது. டயோடின் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு அடுக்குக்குறியாக உயர்வதால், ஒளி பத்து மடங்கு கூடினாலும் நல்ல மின்கலத்தில் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.06 வோல்ட்தான் கூடும்.

கரிம மின்கலத்தில் இன்னொரு வேறுபாட்டையும் காணலாம். மிதமான ஒளியில் மின்னோட்டம் ஒளிச்செறிவுக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. ஒளி மிகக் கடுமையானால், சில மின்கலங்களில் அது விகிதத்துக்குச் சற்றுக் குறைவாகவே உயரும். காரணம் இதுதான்: பிரிந்து செல்லும் எலக்ட்ரான்களும் துளைகளும் வலையின் குறுகிய வழிகளில் மெதுவாகவே நகர்கின்றன. ஒளி இரட்டித்தால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் இரட்டிக்கிறது. துளைகளின் எண்ணிக்கையும் இரட்டிக்கிறது. வழியில் ஓர் எலக்ட்ரான் ஒரு துளையைச் சந்திக்கும் வாய்ப்பு, இரண்டின் பெருக்கற்பலனைப் பொறுத்தது. ஆகவே அது நான்கு மடங்காகிறது! வரவு இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. கூட்டம் குறைந்த தெருவில் ஒருவரையொருவர் இடிக்காமல் போகலாம். தேர்த்திருவிழா அன்று முடியுமா?

இதே காரணத்தால், மங்கலான ஒளியில் கரிம மின்கலங்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. நாம் படிக்கும் அறையில் விளக்கு தரும் ஒளியாற்றல் உச்சி வெயிலோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அந்த ஒளியிலும் சிறிய உணர்கருவிகளை இயக்கப் போதுமான மின்னாற்றலை இவற்றிலிருந்து பெறமுடிகிறது.

மாடியில் ஏன் இல்லை?

இனி அந்த மாணவரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். பயனுறு திறன் போதவில்லை என்பது நெடுங்காலம் இதற்கு விடையாக இருந்தது. ஃபுல்லரீனுக்குத் தாவும்போது எலக்ட்ரான் தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்தது. ஃபுல்லரீன் சூரிய ஒளியை அதிகம் உறிஞ்சவும் இல்லை. 2015ஆம் ஆண்டுக்குப் பின்னர், சீன நாட்டு ஆய்வாளர்கள் ஃபுல்லரீனுக்கு மாற்றாகப் புதிய ஏற்பான் மூலக்கூறுகளை உருவாக்கினார்கள். 2019ஆம் ஆண்டில் சோ யிங்பிங் என்னும் அம்மையாரின் குழு வெளியிட்ட 'ஒய்6' என்ற மூலக்கூறு, பயனுறு திறனை 15.7 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. இவை அகச்சிவப்பின் ஒரு பகுதியையும் உறிஞ்சுகின்றன. தாவும் படி மிகச் சிறியதாக இருந்தாலும் இணை பிரிந்துவிடுகிறது. இன்று ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் சிறு மின்கலங்கள் 20 விழுக்காட்டை ஒட்டி நிற்கின்றன; ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 மில்லி ஆம்பியருக்கு மேலும் தருகின்றன. முன்னே நாம் போட்ட கணக்கில் 43 வந்தது அல்லவா? குறிக்கோளில் பாதிக்கு மேல் வந்துவிட்டோம்.

சிலிக்கானை 1400 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கவேண்டும். கரிமப் பொருளையோ மை போலக் கரைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சடிக்கலாம். சுருட்டி எடுத்துச் செல்லலாம். இத்தனை நன்மைகள் இருந்தும் தடையாக நிற்பது எது?

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட மஞ்சள் கறைதான்!

குர்க்குமினிலும் கரிமக் குறைகடத்தியிலும் ஒளியை உறிஞ்சுவது அதே இரட்டைப் பிணைப்புச் சங்கிலியே. ஃபோட்டானை உறிஞ்சி ஆற்றல் ஏறிய மூலக்கூறு அமைதியான மூலக்கூறு அன்று. அருகில் ஆக்சிஜன் இருந்தால் அதனோடு எளிதில் வினைபுரியும். சாதாரணக் கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட். புலனாகும் ஒளியின் ஃபோட்டானுக்கு அதை நேரடியாக அறுக்கும் ஆற்றல் இல்லை. ஆனால் 340 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஃபோட்டானுக்கு உண்டு; கணக்கிட்டுப் பாருங்கள். இங்ஙனம் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் எலக்ட்ரான் பரவி நிற்கும் நீளம் குறைகிறது. மூலக்கூறு நிறம் இழக்கிறது. ஒளியை உறிஞ்சும் திறனும் போகிறது. சட்டையில் இது நிகழ்ந்தால், கறை போயிற்று என்று மகிழ்கிறோம். மின்கலத்தில் இதுவே நிகழ்ந்தால் மின்னோட்டம் நாளுக்கு நாள் குறைகிறது. இதனோடு வெப்பமும் சேர்ந்துகொள்ளும்போது, பின்னிப் பிணைந்த வலை மெல்லப் பிரிந்து, எல்லைகளும் குறைகின்றன.

மாடியில் வைக்கும் சிலிக்கான் பலகை இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். நம் ஊர் வெயிலில் கரிம மின்கலம் அத்தனை ஆண்டுகள் தாங்கும் என்று இன்று யாரும் உறுதி கூற முடியாது. ஆக்சிஜனும் ஈரமும் புகாத உறை, புறஊதாவைத் தடுக்கும் படலம், ஒளியைத் தாங்கும் புதிய மூலக்கூறு எனப் பல முனைகளில் ஆய்வு நடைபெறுகிறது. மின்னோட்டத்தைத் தருவதும் ஒளி. மின்கலத்தை முதுமையாக்குவதும் அதே ஒளி. கரிம மின்கலத்தின் எதிர்காலம் இந்த இரண்டாவது வேலையை எவ்வளவு தூரம் தடுக்கமுடியும் என்பதில் அடங்கியிருக்கிறது.

இந்தச் சிக்கல் இயற்கைக்கும் இருந்தது. இலையின் பச்சையமும் கரிமப் பொருள்தான். அதிலும் ஒளி முதலில் எக்ஸிட்டானையே உண்டாக்குகிறது. அது மூலக்கூறுகளின் வழியே கடத்தப்பட்டு ஒரு வினைமையத்தை அடைந்தபின்தான் மின்னூட்டங்கள் பிரிகின்றன. அந்த வினைமையமும் ஒளியால் சேதமடைகிறது. இலை அதைத் தடுத்துவிடவில்லை; பழுது பார்த்துக்கொள்கிறது. கடும் வெயிலில் அங்குள்ள டி1 என்னும் புரதத்தை, அரை மணி நேரத்துக்குள்ளாகவே கழற்றி எறிந்து புதியதைப் பொருத்திக்கொள்ளும் அளவுக்கு அது விரைவாக வேலை செய்கிறது. நாம் செய்யும் மின்கலத்துக்கு இந்தக் கலை தெரியாது. அதற்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பது உங்களுள் யாரேனும் ஒருவர் விடை காணவேண்டிய வினா.

அதற்கு முன்னோட்டமாக, வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். மஞ்சள் கரைத்த நீரில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். அதன் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளாலும், ஒரு பகுதியைச் சிவப்புக் கண்ணாடித் தாளாலும், ஒரு பகுதியை நீலக் கண்ணாடித் தாளாலும் மூடி, மற்றொரு பகுதியைத் திறந்தே விட்டு, வெயிலில் வையுங்கள். நாள்தோறும் மாலையில் எடுத்துப் பார்த்து, எந்தப் பகுதி எவ்வளவு வெளுத்தது என்று குறித்துவாருங்கள். சிவப்புத் தாளின் கீழும் நீலத் தாளின் கீழும் துணி ஒரே அளவில் வெளுத்ததா? இல்லையென்றால் ஏன்? குர்க்குமின் எந்த நிற ஒளியை உறிஞ்சுகிறது என்று முன்பே பார்த்தோம். விடை அதில் இருக்கிறது.